உறையாத குழாய்

வீட்டில் அவள் சின்னவள். ஆஸ்பத்திரி லேபில் பூதக்கண்ணாடி. தடித்த மூக்குக்கண்ணாடி அந்தப் பெயருக்கு ஒரு காரணம். பத்தொன்பது வருடமாக மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காதது இன்னொரு காரணம். யாராவது முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள். "பூதத்துக்கே கண்ணாடி போட்ட மாதிரி இருக்கேனா, அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்காளும் அத்தானும்தான் குடும்பம். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பதினோரு வயது. அக்காளுக்குப் புதுக் கல்யாணம். தனிக்குடித்தனம் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத வீட்டில், ஒரு பையோடு வந்து நின்ற பெண்ணைப் பார்த்து அத்தான் கேட்ட முதல் கேள்வி, "ஜன்னல் பக்கம் படுக்கிறியா, சுவர் பக்கம் படுக்கிறியா?" என்பதுதான். அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி யாராவது துக்கம் விசாரித்தால், "இருக்கிற ஒண்ணே எங்களை மேய்க்குது" என்று சின்னவளைக் காட்டுவார்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டிடங்களின் மொட்டை மாடியில், மோட்டார் அறைக்குள் எண்ணெயும் கிரீஸுமாகக் கிடப்பார். ஐம்பத்திரண்டு வயதிலும் மாத்திரை என்று ஒன்று தொட்டதில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரமாக விடவில்லை என்று அக்காள் போனில் சொன்னபோது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த சின்னவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"அவருக்கா? கொசுவே கடிக்காதே அவரை!"

"விளையாடாதடி. சாயங்காலம் ஆனா உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. ராத்திரி பனியன் பிழியிற மாதிரி வேர்க்குது. எடை வேற குறைஞ்சுபோச்சு."

மறுநாளே அவரைத் தன் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். வார்டு டாக்டர் வருவதற்கு முன் அவளே கேட்டாள். "அத்தான், உடம்புல எங்கயாவது புண்ணு, கட்டி, வெட்டுக்காயம்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லம்மா." அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்காள் போர்வையைச் சரிசெய்தாள்.

நர்ஸ் ஒரு கையில் ஊசி குத்தி, இரண்டு புட்டிகளில் ரத்தம் எடுத்தாள். வழக்கமாக அரை மணி கழித்து மறு கையில் இன்னும் இரண்டு புட்டி எடுப்பார்கள். அதற்குள் எக்ஸ்ரே எடுக்க ஆள் வந்து தள்ளுவண்டியில் கூட்டிப்போய்விட்டான். திரும்பி வந்ததும் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து போட்டுவிட்டார்கள்; அதற்குப் பிறகு எடுக்கும் ரத்தத்தில் கிருமி சரியாக வளராது. அந்த இரண்டாவது ஜோடி விட்டுப்போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புட்டிகள் லேபில் ஒரு வெதுவெதுப்பான பெட்டிக்குள் போகும். கிருமி வளர்ந்தால் பெட்டி கூவும். மூன்றாம் நாள் காலை அது கூவியது. இரண்டில் ஒரு புட்டி.

சின்னவள் அதை வேறு யாரிடமும் கொடுக்காமல் அவளே எடுத்தாள். ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, லென்ஸுக்குக் கீழே வைத்தாள். ஊதா நிறத்தில் உருண்டை உருண்டையாக, திராட்சைக் கொத்துப் போல் ஒட்டிக்கொண்டு நின்றன.

இந்தக் கொத்துக் கிருமிகள் அவளுக்குப் பழகியவை. மனிதத் தோல் இருக்கும் இடமெல்லாம் இவையும் இருக்கும். நெற்றியில் ஒரு கூட்டம், அக்குளில் ஒரு கூட்டம், மூக்குத் துவாரத்தில் ஒரு கூட்டம். டஜன் கணக்கில் இனங்கள். அவற்றில் ஒன்றுதான் கேடி. பொன்னிறமாக முளைக்கும் அது ரத்தத்தில் புகுந்தால் எலும்பு, நுரையீரல், இதயம் என்று எதையும் விடாது. அதற்கு ஒரு குணம் உண்டு: பிளாஸ்மா என்கிற ரத்தநீரை உறைய வைத்துவிடும். ஆகவே லேபில் எல்லாக் கொத்துக் கிருமிகளையும் இரண்டாகப் பிரிப்பார்கள். உறைய வைப்பது ஒரு பக்கம். உறைய வைக்காத மீதி அத்தனையும் ஒரே கூடையில் மறு பக்கம். கூடையில் விழுந்தது ஒரே ஒரு புட்டியில் மட்டும் வளர்ந்திருந்தால், ஊசி குத்தும்போது தோலிலிருந்து தொற்றிக்கொண்டது என்று எழுதி மூடிவிடுவார்கள். பத்துக்கு ஒன்பது முறை அது சரியாகவும் இருக்கும். அதனால் அந்தக் கூடைக்குள் இருப்பது எந்த இனம் என்று யாரும் மெனக்கெடுவதில்லை.

மறுநாள், கிருமியை வளர்க்கும் பிளேட்டில் புள்ளிகள் முளைத்திருந்தன. வெளிர் மஞ்சள். இந்த நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முதலில் ஸ்லைடு சோதனை. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு பிளாஸ்மாவில் கிருமியைக் குழைத்தாள். ஐந்தாறு விநாடியில் அது பால் திரிந்ததுபோல் திப்பி திப்பியாகப் பிரிந்தது.

திரிந்தால் கேடி என்று அர்த்தம். இதய வால்வைத் தின்று தீர்க்கிற கேடி. இருபத்தைந்து வயதில் ஒரு கால்பந்துக்காரன் அதில் ஒரே வாரத்தில் போனதை அவள் பார்த்திருக்கிறாள்.

ஸ்லைடு சில சமயம் ஏமாற்றும் என்பதால் குழாய் சோதனையும் உண்டு. அதுதான் கடைசித் தீர்ப்பு. சின்னக் கண்ணாடிக் குழாயில் பிளாஸ்மாவை ஊற்றிக் கிருமியைக் கலந்து, உடம்புச் சூட்டில் நாலு மணி நேரம் வைக்க வேண்டும். கேடியாக இருந்தால் ஜெல்லிபோல உறைந்து, குழாயைச் சாய்த்தாலும் அசையாது. அந்த நாலு மணி நேரமும் அவள் ஏழெட்டுத் தடவை எழுந்து போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் குழாயை மெல்லச் சாய்த்தாள். ஒவ்வொரு தடவையும் அது தண்ணீராக ஓடியது. மறுநாள் காலையிலும் ஓடியது.

சின்னவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. நோட்டில் "ஸ்லைடு: திரிந்தது. குழாய்: உறையவில்லை" என்று எழுதினாள். அந்த இரண்டு வரியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது அவள் கண்ணில் பட்டது. படாமல் இல்லை. பேனாவை வைத்துவிட்டு ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விதி என்ன சொல்கிறதோ அதையே ரிப்போர்ட்டில் எழுதினாள்: "தோலில் வாழும் வகை. வெளியிலிருந்து கலந்ததாக இருக்கலாம்." லேப் டாக்டர் கையெழுத்துப் போட்டார். அன்று அவர் முன்னால் நாற்பது தாள் இருந்தது.

அக்காளுக்கு அவளே போன் செய்தாள். "அக்கா, பயப்படாத. சும்மா தோல் கிருமிதான். உன் உடம்புலயும் இருக்கு, என் உடம்புலயும் இருக்கு."

"நிஜமாவா சொல்ற?"

"நான் பாத்தேன்க்கா. என் கையால பாத்தேன்."

அந்தப் பக்கம் அக்காள் விசும்பி அழுதாள்.

நாலு நாள் ஊசியில் காய்ச்சலும் இறங்கியிருந்தது. ஏதோ வைரஸ் காய்ச்சல், போய்விட்டது என்று மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தான் படியேறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கியது. "படுத்தே கிடந்தா இப்படித்தான், எண்ணெய் போடாத மோட்டார்" என்றார்.

பன்னிரண்டாம் நாள் அவர் வேலைக்குப் போயிருந்தார். பதினாலாவது மாடி மோட்டார் அறையில் ஸ்பானர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார். வலது கை கேட்கவில்லை. கூட வேலை செய்பவர் "என்னண்ணே?" என்றார். பதிலுக்கு அத்தான் வாயிலிருந்து வந்தது சொல்லாக இல்லை. அந்த லிஃப்டைத்தான் கழற்றிப் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு பதினாலு மாடியும் இறங்கினார்கள்.

சின்னவள் அவசரப் பிரிவுக்கு ஓடியபோது அவர் கண் திறந்து படுத்திருந்தார். வாயின் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் இடது கையால் அவள் கண்ணாடியைத் தொட்டார். அக்காள் தான் வேலை செய்யும் ஆயத்த ஆடை ஆலையிலிருந்து நேரே வந்திருந்தாள். துணி வெட்டும்போது போடுகிற ஏப்ரனைக் கழற்றக்கூட இல்லை.

இதயத்துக்கு ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்த டாக்டர் திரையில் ஒரு இடத்தைக் காட்டினார். வால்வின் ஓரத்தில் காலிஃபிளவர் துண்டுபோல் ஒன்று ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடியது. "இதுல இருந்து ஒரு பிசிறு உடைஞ்சு மூளைக்குப் போயிருக்கு. வால்வும் கிழிஞ்சிருக்கு. இது ஒரு நாள் ரெண்டு நாள் வேலை இல்ல."

இந்த முறை ஆறு புட்டி ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் பகலுக்குள் ஆறும் கூவின.

லேப் டாக்டர் தானே அவள் மேசைக்கு வந்தார். ஓய்வு பெற ஒன்றரை வருடம் பாக்கி இருந்த அம்மாள். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. பழைய பிளேட்டைக் கேட்டார். அது பத்து நாளைக்கு முன்பே கழிவோடு கொதிகலனில் வெந்து அழிந்துவிட்டது. நோட்டை வாங்கிப் புரட்டி, அந்த வரியில் விரலை வைத்தார்.

"ஸ்லைடு திரிஞ்சதா?"

"ஆமா மேடம்."

"எவ்வளவு நேரத்துல?"

"அஞ்சாறு விநாடி."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆர்னித்தின் இருக்கா நம்மகிட்ட?"

அது ஒரு அமினோ அமிலம். அந்தக் கூடைக்குள் கிடக்கிற இனங்களில் அநேகமாக ஒன்றுதான் அதை உடைக்கும். ஆர்னித்தின் கலந்த நீரில் கிருமியைப் போட்டு மேலே எண்ணெய் விட்டு வைத்தால், மற்றவை மஞ்சளாக்கி அப்படியே விட்டுவிடும். இது மட்டும் மஞ்சளாக்கி, பிறகு ஊதாவாக்கும். போட்டு வைக்கப் பத்து நிமிடம், பிறகு ஒரு நாள் காத்திருந்தால் போதும். லேபில் அந்த மருந்து வாங்கி வைக்கவே இல்லை. பக்கத்துக் கல்லூரியிலிருந்து வரவழைத்தார்கள். சின்னவள் காலையில் ஆறு குழாய் போட்டாள். மதியம் ஆறும் மஞ்சள். மறுநாள் காலை அவள் கோட்டுகூட மாட்டாமல் போய்ப் பெட்டியைத் திறந்தாள். ஆறும் ஊதா.

"லக்டுனென்சிஸ்" என்றார் டாக்டர். "ஸ்டெஃபைலோகாக்கஸ் லக்டுனென்சிஸ். முதல்ல கண்டுபிடிச்ச ஊரோட பழைய பேரை வச்சிருக்காங்க. குழாய்ல உறையாது, அதனால சாதுக்களோட கூடையில விழும். குணம் மட்டும் கேடியோட குணம். வால்வு கிடைச்சா கிழிச்சிடும்." கொஞ்சம் நிறுத்தி, "இடுப்புக்குக் கீழ, தொடை இடுக்குலதான் இதுக்குப் பிடிச்ச இடம்" என்றார்.

மருந்து எது கேட்கும் என்று பார்க்கும் பிளேட்டையும் அவள் போட்டிருந்தாள். மருந்து ஊறிய காகித வில்லைகளைச் சுற்றிக் கிருமி வளராத வட்டங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் பெரிய வட்டம் பென்சிலினைச் சுற்றி இருந்தது. உலகத்திலேயே பழைய, சாதாரண மருந்து. அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்தாள். ஸ்கேலைக் கீழே வைக்காமல் மறுபடி ஒருமுறை அளந்தாள்.

"கையெழுத்து என்னோடதும்மா" என்றார் டாக்டர்.

"ஸ்லைடு என்னோடது மேடம்."

வால்வை மாற்றும் ஆபரேஷனுக்குத் தயார் செய்யும்போது நர்ஸ் வெளியே வந்து அக்காளிடம் கேட்டாள். "தொடை இடுக்குல ஒரு பெரிய தழும்பு இருக்கே, கட்டி ஏதாவது வந்துச்சா?"

அக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு மாசம் முன்னாடி. அவரே பிளேடால கீறி விட்டாரு. ஆறிப்போச்சு."

சின்னவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "அக்கா. அன்னிக்கு நான் கேட்டேனே."

"நீ கேட்டே. உன்கிட்ட போய் எப்படிச் சொல்வாரு? மகள் மாதிரி இருக்கிற பொண்ணு. சொல்லிடாத, சொல்லிடாதன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. நான்தான் ஆறிப்போச்சேன்னு..."

பென்சிலின் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் கிழிந்த வால்வை மருந்தால் தைக்க முடியாது. மூளையில் அடைப்பு வந்த ஆளுக்கு இவ்வளவு சீக்கிரம் இதய ஆபரேஷன் செய்வது ஆபத்து, செய்யாவிட்டால் நுரையீரலில் நீர் நிரம்பி மூச்சு நின்றுவிடும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். ஏழு மணி நேரம் ஆனது. புது வால்வு வைத்தார்கள். மறுநாள் பிற்பகல், ஜன்னல் வழியாக நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், மூளைக்குள் ரத்தம் கசிந்து அத்தான் இறந்துபோனார்.

மூன்று வாரம் சின்னவள் அக்காள் வீட்டிலேயே இருந்தாள். சமைத்தாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். அக்காள் தூங்காமல் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசினாள். "நான்தான் கொன்னுட்டேன். கட்டியைப் பத்தி நான் சொல்லியிருக்கணும். நீ அவ்வளவு கேட்டும் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேனே." ஒவ்வொரு தடவையும் சின்னவள் "இல்லக்கா, இல்ல" என்பாள். அத்தோடு திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

இருபத்திரண்டாம் நாள் காலையில், அக்காள் அத்தானின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தபோது, சின்னவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீ கொல்லல. நான் சொல்றதை முழுசாக் கேளு. முதல் தடவை ரத்தம் எடுத்தாங்கல்ல, அதுலயே அந்தக் கிருமி இருந்துச்சு. அதே கிருமி."

அக்காள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு சோதனையில கெட்டதுன்னு காட்டுச்சு. இன்னொண்ணுல நல்லதுன்னு காட்டுச்சு. ரெண்டும் சேரலையேன்னு எனக்குத் தெரிஞ்சுது. வேற யாரோட ரத்தமா இருந்தா ஒருவேளை நான் டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போய்க் காட்டியிருப்பேன். அத்தானுதுங்கறதால... நல்லதுன்னு காட்டினதைப் பிடிச்சுக்கிட்டேன். விதியும் அதைத்தான் சொல்லுச்சு. எனக்கும் அதுதான் வேணும்னு இருந்துச்சு."

அக்காள் மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள்.

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா?"

"மருந்தை நிறுத்தியிருக்க மாட்டாங்க. ஸ்கேன் எடுத்திருப்பாங்க."

"பிழைச்சிருப்பாரா?"

"தெரியலக்கா. பிழைச்சிருக்கலாம். பென்சிலினுக்கே சாகிற கிருமி அது."

அக்காள் எழுந்தாள். உள்ளே போய், சின்னவளின் பையை எடுத்துவந்து வாசல் பக்கம் வைத்தாள். கத்தவில்லை. பையின் ஜிப் திறந்திருந்தது; குனிந்து அதை மூடினாள்.

ஆஸ்பத்திரியில் விசாரணை நடந்தது. லேப் டாக்டரே எழுதிக் கேட்டதால் நடந்தது. எழுதி வைத்த விதிப்படிதான் எல்லாம் செய்யப்பட்டிருக்கிறது, யார் மீதும் தவறில்லை என்று மூன்று பக்க அறிக்கை வந்தது. விதியை மாற்றினார்கள். ஸ்லைடில் திரிந்து குழாயில் உறையாத எதுவானாலும், ஒரே புட்டியாக இருந்தாலும், இனம் எது என்று பார்த்தே ஆக வேண்டும். ஆர்னித்தின் லேபில் எப்போதும் இருக்க வேண்டும். சின்னவள் தனக்குத் தண்டனை வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வராதது அவளைப் படுத்தியது. மேசையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். "நீங்க போயிட்டா அந்த மேசைக்கு வர்றவங்க இதைப் பாத்திருக்க மாட்டாங்க. நீங்க பாத்திருக்கீங்க" என்று டாக்டர் மறுத்துவிட்டார்.

எட்டு மாதத்தில் ஒரு தடவை ஊதா வந்தது. யாரோ ஒரு பள்ளிக்கூட டீச்சர். ஆறு வாரம் ஊசி போட்டுப் பிழைத்துக்கொண்டாள். லேபில் எல்லாரும் பூதக்கண்ணாடியைத் தட்டிக்கொடுத்தார்கள். அவள் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

அக்காள் அவள் போனை எடுப்பதில்லை. ஆலை வாசலில் போய் நின்றால் வேறு வாசல் வழியாகப் போய்விடுவாள். ஒன்றரை வருடம் அப்படியே போனது.

ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு லேபின் ரிப்போர்ட் ஜன்னலில் அக்காள் நின்றிருந்தாள். முடி நிறைய நரைத்திருந்தது. சின்னவள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"உள்ள வாக்கா."

"வேண்டாம். ஒரு காரியமாத்தான் வந்தேன். அவர் எதுல போனார்னு ஆளாளுக்குக் கேக்கிறாங்க. காய்ச்சல்ல போனார்னா, காய்ச்சல்லயா ஒருத்தர் போவாங்கன்னு என்னை ஒரு மாதிரி பாக்கிறாங்க. அதோட பேரு என்ன? ஒரு தாள்ல எழுதிக் குடு."

சின்னவள் தாளை எடுத்து, கொட்டை எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். அக்காள் அதை வாங்கித் தூரப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "லக்... டு... னென்..." நாக்கு இடறியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மூன்றாவது தடவை சின்னவள் கூடவே சொன்னாள். அக்காள் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.

சரியாக வந்ததும் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் சின்னவள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அக்காள் நடந்தாள். ஜன்னலுக்கு வெளியே ரிப்போர்ட்டுக்காக வரிசை நீண்டிருந்தது. அடுத்து நின்றவர் சீட்டை நீட்டினார். சின்னவள் அதை வாங்கி எண்ணைப் பார்த்தாள். எண் தெளிவாகத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு முனையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.